எழுபத்தொரு மிதி

முதல்ல முழங்கால். ரெண்டும் ஒட்டியே இருக்கணும். அப்புறம் தோள். தோள் திரும்பும்போதே இடுப்பும் கூடவே வரணும். பின்னாடி யாரும் இல்லையே? இல்ல. சரி, மெதுவா, மெதுவா, இன்னும் கொஞ்சம் ஒடி... ஐயோ, போதும், போதும், நேராக்கு!

காலை ஆறரை மணிக்குக் கட்டிலில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரள்வதற்கு அவளுக்கு இத்தனை யோசனை தேவைப்பட்டது. பதினோரு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் அவள். முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்ட வண்டியைச் சுவரில் உரசாமல் திருப்புவது எப்படி என்று நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். சொந்த உடம்பைத் திருப்ப மூன்று தடவை முன்னே பின்னே போகவேண்டியிருந்தது.

"என்ன மேடம், ரிவர்ஸா?" என்றான் கணவன், கண்ணைத் திறக்காமலே.

"தூங்குங்க."

"இறங்கிப் பின்னாடி நின்னு சொல்லட்டுமா? வா, வா, வா... நல்லா ஒடி..."

"சிரிக்க வைக்காதீங்க. சிரிச்சா நேரா அங்கதான் போய் இடிக்குது."

"அங்கன்னா எங்க?"

இந்த ஏழாம் மாதத்தில் அவளிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே கஷ்டமானது அதுதான்.

வலி எங்கே என்று அவளுக்குத் தெளிவாகத் தெரியும். வயிறு முடிந்து தொடைகள் தொடங்கும் இடத்தில், முன்பக்கம், நட்டநடுவில், இரண்டு எலும்புகள் வந்து சேரும் பொருத்து. அதற்குள் யாரோ ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பிப் பார்ப்பதுபோல இருந்தது. ஒற்றைக் காலில் நின்று உள்பாவாடை மாட்டினால் நெம்பும். படி ஏறினால் நெம்பும். தரையில் கிடக்கும் செருப்பைக் காலால் தள்ளினால்கூட நெம்பும். ஆனால் அந்த இடத்துக்கு, நாலு பேர் நடுவில் சொல்லக்கூடிய பெயர் ஒன்றும் அவளிடம் இல்லை. அதனால் மாமியாரிடம் இடுப்பு என்றாள். டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் முதுகு என்றாள். அவளிடம் கார் கற்றுக்கொள்ள வரும் பல் டாக்டர் இன்னும் கொஞ்சம் கூச்சப்படுகிற மனிதர் என்பதால், அவருக்காக வலியை முழங்கால்வரை இறக்கிவிட்டாள்.

மாமியார் இடுப்பில் தைலம் தேய்த்தார். முதலாளி முதுகுக்கு ஒரு சாய்மானம் வாங்கிக் கொடுத்தார். பல் டாக்டர் முழங்காலுக்கு இறுக்கமான உறை ஒன்றைக் கொண்டுவந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினார். மூன்றையும் மாட்டிக்கொண்டு நடந்தபோது அவள் போருக்குப் போகிறவள்போல இருந்தாள். வலி இருந்த இடத்தை மட்டும் யாரும் தொடவில்லை. அது பத்திரமாக இருந்தது.

கடைசியில் பிரசவ ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்க்க அனுப்பினார்கள். சின்னப் பெண். கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தாள். அவள் இரண்டு காலையும் மடக்கச் சொன்னாள், நீட்டச் சொன்னாள், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். நிற்க முடியவில்லை என்றதும் ஆச்சரியமே படவில்லை.

"முன்னாடி எலும்பு, நடுவுல. அதானேக்கா?"

இவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வலியால் வரவில்லை. மூன்று மாதமாக ஒரு வீட்டைத் தேடி அலைகிறவளிடம், திடீரென்று ஒருவர் தெருப் பெயரும் கதவு எண்ணும் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"ஆமா."

"பயப்படாதீங்க. குழந்தைக்கு இதனால ஒண்ணும் ஆகாது. பொருத்தெல்லாம் கொஞ்சம் இளகியிருக்கு. சில பேருக்கு அதுவே உயிர் போற மாதிரி வலிக்கும். வண்டி உடையல, நட்டுதான் லூசு. புரியுதா?"

அவள் தொழிலைக் காகிதத்தில் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண் அப்படிப் பேசுகிறாள் என்று புரிந்தது. மனம் அதற்கும் நன்றி சொல்லிற்று.

இடுப்புக்குக் கீழே கட்டிக்கொள்ள ஓர் அகலமான பட்டை. உடை மாற்றுவது உட்கார்ந்துதான். படி ஒவ்வொன்றாக, ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். புரளும்போது, எழும்போது, காரிலிருந்து இறங்கும்போது முழங்கால்கள் பிரியவே கூடாது. கார் இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டு அப்படியே திரும்பலாம். இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தப் பெண் நிறுத்தினாள்.

"ஆனா வலது பக்கம் ரொம்ப மோசமா இருக்கே. வலது காலால அப்படி என்னக்கா பண்றீங்க?"

"பிரேக் போடுவேன்."

"நீங்களா ஓட்டுவீங்க? கத்துக்க வர்றவங்கதானே ஓட்டுவாங்க?"

பயிற்சிக் காரில் வாத்தியார் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு என்று விளக்கினாள். கற்றுக்கொள்கிறவர் மறந்தால், பயந்தால், பிரேக் என்று நினைத்து வேறொன்றை அழுத்தினால், இவள் மிதிப்பாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"எண்ணினதில்ல."

பிசியோ மேசை இழுப்பறையிலிருந்து உள்ளங்கைக்குள் அடங்கும் இரும்புக் கருவி ஒன்றை எடுத்தாள். கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்தினால் ஓர் எண் ஏறும். உடற்பயிற்சி எண்ணுவதற்கு வைத்திருப்பது. "இந்த டிக்-டிக்கை வெச்சுக்குங்க. மிதிக்கறப்போ எல்லாம் ஒரு டிக். எங்க அதிகமோ அங்க குறைப்போம். குறைக்கலன்னா, சொல்லிட்டேன், கடைசி மாசம் ரெண்டு கக்கத்துலயும் ஊன்றுகோலோடதான் நடப்பீங்க. இல்ல, சக்கர நாற்காலிதான்."

சக்கர நாற்காலி என்ற சொல் அவளுக்குள் எங்கோ போய் மோதியது. பிரசவம் பற்றி அவள் பெரிதாக எதுவும் ஆசைப்பட்டதில்லை. ஒன்றே ஒன்றுதான். அந்த நாள் வரும்போது பிரசவ அறைக்குள் தன் காலால் நடந்து போகவேண்டும். பதினோரு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, யார் யாரோ கொண்டுபோன இடத்துக்கெல்லாம் போயிருக்கிறாள். அன்றைக்காவது யாரும் தன்னைத் தள்ளிக்கொண்டு போகக்கூடாது.

யாரைக் குறைக்கவேண்டும் என்பதில் டிரைவிங் ஸ்கூலில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"பல் டாக்டர்தான்மா," என்றார் முதலாளி. "நாலு தடவை டெஸ்ட்ல ஃபெயிலானவர். அந்த ஆள் பக்கத்துல உக்காந்தா உனக்கு முதுகு என்ன, மண்டையே வலிக்கும். வேற யார்கிட்டயாவது தள்ளிவிட்டுடறேன்."

"முதல்ல எண்ணிப் பாக்கறேன் சார்."

திங்கட்கிழமை காலை முதல் வகுப்பே டாக்டருடையதுதான். இருபது கிலோமீட்டர் வேகத்தில், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நோயாளியின் தாடையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். நூறு அடி தூரத்தில் ஒரு புறா இறங்கினாலும் வேகம் குறையும். ஓரமாக ஆளில்லாமல் நிறுத்தி வைத்திருந்த லாரி ஒன்றுக்கு வழிவிட்டு நின்றார்.

"டாக்டர், அதுல டிரைவர் இல்ல."

"வந்துட்டார்னா மேடம்?"

அவர் நாலு தடவை தோற்றது இதனால்தான். இடிப்பார் என்று யாரும் அவரைத் தோற்கடிக்கவில்லை. போய்ச் சேரவே மாட்டார் என்றுதான் தோற்கடித்தார்கள். ஆனால் பல்லில் கை வைக்கிற மாதிரிதான் அவர் பிரேக்கில் கால் வைப்பார். வண்டி நின்றது உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து அவள் கையைத் திறந்து பார்த்தாள். மூன்று.

அன்றைக்கு இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கருவி பத்தொன்பதைக் காட்டியது. நாள் முழுக்கப் பத்தொன்பது. இதற்கா இந்த வலி?

ஸ்கூல் வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டது. கணவன் வந்துவிட்டான்.

ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் பஸ் படியில் அவள் தடுமாறிய பிறகு, இனிமேல் தினமும் நானே கொண்டுவிட்டுக் கூட்டி வருவேன் என்று அவன் முடிவெடுத்திருந்தான். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துச் சொல்கிற வேலை அவனுக்கு. அதற்காகக் கடைக்கு அரை மணி தாமதமாகப் போக அனுமதி வாங்கியிருந்தான். அந்த அனுமதியைப் பற்றிக் கடைக்கு வந்தவர்கள் அனைவருக்கும் தெரியும். கீழ்வரிசை எழுத்துகளைப் படித்துக்காட்டும் முன்பே தெரிந்துவிடும்.

அவன் கதவைத் திறந்துவிட்டான். இருக்கையில் பிளாஸ்டிக் பையைச் சுருக்கம் இல்லாமல் விரித்து வைத்திருந்தான். அவள் அதன்மேல் உட்கார்ந்து, முழங்கால்களை ஒட்டவைத்து, சரசரவென்று திரும்பினாள். கருவியின் வளையம் இன்னும் விரலில்தான் இருந்தது.

"இன்னிக்கு ஒரு அம்மா கடைக்கு வந்தாங்க, கேளேன்," என்று அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினான். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. டிக். "கண்ணாடியைத் தலை மேல வெச்சுக்கிட்டே கண்ணாடி காணோம்கிறாங்க." டிக். டிக். "நான் சொன்னேன், அம்மா..." டிக். டிக். டிக்.

வீட்டு வாசலில் இறங்கும்போது எண்ணைப் பார்த்தாள். தொண்ணூறு. பத்தொன்பது போக எழுபத்தொன்று. இருபத்தைந்து நிமிடத்தில்.

அன்று குளியலறை நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தாள். அந்தக் காரில் அவள் பக்கத்தில் பிரேக்கே கிடையாது. இருப்பது வெறும் தரை. ஆனால் அவள் காலுக்கு அது தெரியாது. பதினோரு வருடப் பழக்கத்தில் அது தானாகவே போய் மிதிக்கிறது. பயிற்சிக் காரில் மிதித்தால் பெடல் இறங்கும், வண்டி நிற்கும், கால் தளரும். இங்கே தரை இறங்காது. வண்டியும் நிற்காது. நிற்காததால் கால் இன்னும் அழுத்துகிறது. அந்த அழுத்தம் முழுவதும் தொடை வழியே ஏறி அந்தச் சின்னப் பொருத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

சொல்லிவிடலாம். என்னங்க, உங்களுக்கு வண்டி ஓட்ட வரல. ஐந்தே வார்த்தைதான். ஆனால் அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அவனும் இருபது வகுப்புக்கு வந்து சேர்ந்தான். வாத்தியார் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. நாள் முழுக்கப் பேசலாம், ஆனால் யாரும் உன் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். எல்லோரும் சாலையைப் பார்த்தபடியேதான் தலையாட்டுவார்கள். பார்க்கக்கூடாது என்று சொல்லிக் கொடுப்பவளும் நீதான். அவன் மட்டும் அவள் பேசும்போதெல்லாம் திரும்பி அவளைப் பார்த்தான். மூன்றாம் வகுப்பிலேயே "முன்னாடி பாருங்க சார்" என்று அவள் சொல்லியிருக்கவேண்டும். வாய்வரை வந்தது. சொல்லவில்லை. தன் முகம் இப்படியும் பார்க்கத் தகுந்ததா என்று அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் சரிபார்த்தாள்.

பதினேழாவது வகுப்பிலிருந்து முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது, குலுக்காமல் எப்படி நிறுத்துவது என்பதெல்லாம் வரும். அந்த நாலு வகுப்பும் பூங்காவின் ஓரமாக மர நிழலில் வண்டியை நிறுத்திவைத்துப் பேசியே தீர்ந்தன. இருபது வகுப்புகளும் திருப்திகரமாக முடித்தார் என்று அட்டையில் அவள் கையெழுத்துப் போட்டாள். தொழிலில் அவள் எழுதிய ஒரே பொய். அந்த அட்டையை அவன் இன்னும் மணிபர்சில் வைத்திருக்கிறான். யாராவது அவன் ஓட்டுவதைக் குறை சொன்னால் எடுத்துக் காட்டுவான்.

சொன்னால் அவன் கேட்டுக்கொள்வான், அது நிச்சயம். கேட்டுக்கொண்டு அதற்கப்புறம் சாலையை மட்டும்தான் பார்ப்பான். தன்னைப் பயமுறுத்துவது அதுதானோ என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை அப்படியே அங்கே விட்டுவிட்டு எழுந்து, முழங்கால்களை ஒட்டியபடி வெளியே வந்தாள்.

சொல்லாமல் சமாளிக்கும் வழிகளைத் தேடினாள்.

செவ்வாய்க்கிழமை கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். கால் காதால் கேட்டு மிதித்தது. கூடவே வாந்தியும் வந்தது.

புதன்கிழமை பின்னிருக்கையில் ஏறினாள். "நான் என்ன வாடகைக் காரா ஓட்டறேன்?" என்று அவன் வாடினாலும், காலை நீட்டிக்கொள்ள வசதி என்றதும் சமாதானமானான். கால் நீட்டிக்கொள்ளவில்லை. அவன் இருக்கையின் முதுகைக் கண்டுபிடித்து அதை மிதித்தது. முதல் சிக்னலில் அவன் சந்தோஷத்தில் கத்தினான். "உதைக்குது! எனக்கே தெரியுது!"

"அது நான்."

"நீ எதுக்கு என்னை உதைக்கிற?"

"கால் மரத்துப்போச்சு."

வியாழக்கிழமை ஒரு துப்பட்டாவால் இரண்டு முழங்கால்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தாள். முழங்கால்கள் பிரியக்கூடாது என்று பிசியோவே சொல்லியிருக்கிறாள் என்பதால் அவனும் மறுக்கவில்லை. ஆனால் மிதிக்கக் காலை அனுப்ப முடியாததால், அன்றைக்கு உடம்பு முழுவதும் சேர்ந்து மிதித்தது. அதோடு அவன் ஒரு திருப்பத்தை எப்போதும்போல ஒரே ஒடியில் ஒடித்தபோது, அவள் பிளாஸ்டிக் பையின்மேல் சர்ரென்று வழுக்கி, கட்டிய காலோடு கதவுப் பக்கம் பார்த்துத் திரும்பிவிட்டாள். பக்கத்துக் காரில் இருந்த ஓர் அம்மாள், வாயையும் கட்டியிருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். இவள் புன்னகை செய்து கையை ஆட்டினாள். அந்த அம்மாளுக்கு அது இன்னும் பயமாக இருந்திருக்க வேண்டும். இரண்டு சிக்னல் வரைக்கும் பின்னாலேயே வந்தார்.

அன்று சமையலறையில் நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது மாமியார் தைலப் புட்டியோடு வந்தார். எங்கே தேய்ப்பது என்று கேட்டார். அலுப்பில் அவளுக்கு உண்மையே வந்துவிட்டது.

"அத்தை, தேய்ச்சா போற வலியில்ல. அவர் வண்டியில ஏறினாத்தான் வருது."

மாமியார் புட்டியை மேசைமேல் வைத்தார். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"நான் ஏன் தினமும் மார்க்கெட்டுக்கு நடந்தே போறேன், தெரியுமா உனக்கு?"

"சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காருன்னு..."

"எந்த டாக்டரு? எனக்கு ஏதுடி சர்க்கரை?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"லைசென்ஸ் வாங்கின மறுநாள் என்னை ஏத்திக்கிட்டு ஒரு சுத்து சுத்தினான். இறங்கினதும் மனசுல முடிவு பண்ணிட்டேன். பெத்த பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது? சர்க்கரைன்னு சொல்லிட்டேன். நாலு வருஷமா காபியில சக்கரை போடாம குடிக்கிறேன்மா நான். அவன் இல்லாதப்ப ரெண்டு ஸ்பூன் போட்டுக்குவேன்." மாமியார் பெருமூச்சு விட்டார். "உன்கிட்டதான் படிச்சான்னு சொன்னானேன்னு உன் மேலயும் எனக்குக் கொஞ்சம் கோவம்தான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமியார் முதலில் சிரித்தார். அவளும் சிரித்தாள். அது நேராக அங்கேதான் போய் இடித்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, சிரிப்பை நிறுத்த முடியாமல் தவித்தாள்.

சிரித்து ஓய்ந்தபிறகு அவளுக்குள் ஏதோ சில்லென்றது. நாலு வருடம் காபியில் சர்க்கரை இல்லாமல். அன்பு என்றால் இதுதானா? தானும் இப்படியே, இடுப்பு, முதுகு, முழங்கால் என்று ஒவ்வொருவருக்கு ஒரு பொய்யாக வைத்துக்கொண்டு இந்த வீட்டில் வயதாகிவிடுவாளா?

வெள்ளிக்கிழமை பிசியோ ஐந்து நாள் எண்களையும் பார்த்தாள். கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, கணவன் என்ற வரியைச் சுற்றி வட்டம் போட்டாள். காலைக்கும் சாயங்காலத்துக்குமாகச் சேர்த்து நூற்று நாற்பது, நூற்று ஐம்பது என்று போயிருந்தது.

"யாருக்கா இவரு? ரேஸ் ஓட்டறவரா?"

"கண் பார்த்துக் கண்ணாடி போடறவரு."

பிசியோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள். "அக்கா, போன தடவை படுத்துக்கிட்டு வலது காலை இவ்வளவு தூக்கினீங்க. இன்னிக்கு அதுல பாதிதான் வருது. இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போனா நடந்து போறதைப் பத்தி நீங்க மறந்துடலாம். உங்க பல் டாக்டர் மூணு. அவரை விட்டுடாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் கணவன் கேட்டான். "என்ன சொன்னாங்க?"

"வலி அதிகமாயிடுச்சாம். கார்ல குலுங்கறதுதான் காரணமாம்." பாதி உண்மை.

அவன் முகம் சுருங்கியது. அன்று மாலையே வெளியே போய் வாத்துபோல வடிவம் கொண்ட மெத்தை ஒன்றை வாங்கிவந்தான். "இனிமே குலுங்காது பாரு. அது மட்டும் இல்ல, மதியம் நீ ஆட்டோல வந்து சாப்பிட்டுப் போற இல்ல? அதுக்கும் நானே வரேன். ஒரு நாளைக்கு நாலு தடவை. கடையில பேசிட்டேன்."

நாலு தடவை. அவள் மனதில் கருவி தானாக ஓடி முந்நூறில் போய் நின்றது. அவன் மெத்தையைத் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தான். வாத்தின் கழுத்து எந்தப் பக்கம் வரவேண்டும் என்று அவனுக்குப் புரியவில்லை. அவனைக் கட்டிக்கொள்ளவேண்டும்போலவும் கடிக்கவேண்டும்போலவும் இருந்தது. இரண்டுக்கும் குனியவேண்டியிருக்கும் என்பதால் பேசாமல் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். பை விரித்திருந்தது. வாத்து மெத்தை கழுத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் வீட்டுப் படியில் ஒவ்வொன்றாக, வலிக்கிற காலை முதலில் வைத்து இறங்கினாள். அதே நேரத்தில் தெருமுனையில், கற்றுக்கொள்பவர் ஓட்டுகிறார் என்ற சிவப்பு எழுத்துப் பலகையோடு டிரைவிங் ஸ்கூல் கார் திரும்பியது. தெருவில் கிடந்த ஒரு பந்துக்கு வழிவிட்டு, யோசித்து, பிறகு வந்து, உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல் நின்றது.

"குட்மார்னிங் மேடம்," என்றார் பல் டாக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. பக்கத்தில் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவர் இறங்கி, "நான் இந்த முனையில பஸ் பிடிச்சுக்கறேன்மா. இந்த மனுஷனோட வந்தா மத்தியானம்தான் போய்ச் சேருவேன்," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

"இவர் எதுக்கு இங்க?" என்றான் கணவன்.

"டாக்டரோட வகுப்பை எட்டு மணிக்கு மாத்திட்டேன். இங்கேருந்தே ஆரம்பிக்கும். சாயங்கால வகுப்பு இங்க வந்து முடியும். மதியத்துக்குச் சாப்பாடு கட்டிக்கிட்டேன்."

"நாலு தடவை ஃபெயிலானவர்!"

"ஆமாம் சார், நாலு தடவை," என்றார் டாக்டர் ஜன்னல் வழியாகப் பணிவோடு.

"நான் லைசென்ஸ் வெச்சிருக்கேன். நீ கையெழுத்துப் போட்ட அட்டை வெச்சிருக்கேன்." அவன் கை மணிபர்சுக்குப் போனது.

அவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள். டாக்டருக்குக் கேட்காத குரலில் பேசினாள். "பதினாறு வகுப்புக்குத்தான் போட்டிருக்கணும்."

அவனுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. பூங்கா, மர நிழல், நிறுத்திவைத்த வண்டி எல்லாம் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின. அசடு வழிந்தது.

"அப்ப... நான் ஓட்டறதுலதான் வலிக்குதா?"

அவள் கருவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "உங்க வண்டியில எனக்கு பிரேக் இல்லைங்க. ஆனா கால் மிதிக்குது. முதல் நாள் சாயங்காலம் எழுபத்தொண்ணு. இவர்கிட்ட மூணு."

"எழுபத்தொண்ணா? ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"நீங்க என்னைப் பார்த்துக்கிட்டே ஓட்டறீங்க. அதனாலதான் சொல்லல."

காரணமும் குற்றச்சாட்டும் ஒன்றாகவே வந்துவிட்டதால் அவன் குழம்பிப்போய் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். இப்போது வண்டி நின்றுகொண்டுதான் இருக்கிறது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று தோன்றியது.

அப்போது பின்னாலிருந்து கூடையோடு மாமியார் படியிறங்கி வந்தார். இருவரையும் கடந்து போய், ஸ்கூல் காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார். "டாக்டர் தம்பி, போற வழியில என்னை மார்க்கெட்டுல இறக்கிவிட்டுடுங்க."

"அம்மா! உனக்குச் சர்க்கரை, நடக்கணும்னு சொன்னியே?"

"குணமாயிடுச்சுடா," என்றார் மாமியார், நேராக முன்னால் பார்த்தபடி.

கணவன் இரண்டு கார்களையும், அம்மாவையும், வாத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் காரின் கதவை இன்னும் அகலமாகத் திறந்தான். குரல் இறங்கியிருந்தது.

"சரி. ஒத்துக்கறேன். பாக்கி நாலு வகுப்பும் படிச்சுக்கறேன். ஆனா இன்னிக்கு மட்டும் ஏறும்மா. தெருவே பார்க்குது. உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். சத்தியமா. ரோட்டை மட்டும்தான் பார்ப்பேன். ஒரே ஒரு நாள். ஏறு."

அவன் கண்கள் கலங்கியிருந்தன. விரித்த பையை இன்னொரு தடவை தடவிச் சுருக்கம் நீக்கினான். ஏறினால் என்ன, எழுபத்தொன்றோடு எழுபத்தொன்று என்று பழைய மனம் ஒன்று அவளுக்குள் எழுந்து நின்றது. கால் அதற்குள்ளேயே, நின்ற இடத்தில், தரையை லேசாக அழுத்தியது. அந்தப் பொருத்தில் ஒரு நெம்பல்.

இடுப்பு என்று சொல்லவில்லை. முதுகு என்று சொல்லவில்லை. முழங்கால் என்றும் சொல்லவில்லை.

"இல்லைங்க," என்றாள் மெதுவாக. கையை நீட்டி, அவன் இருக்கையில் விரித்திருந்த பிளாஸ்டிக் பையை மட்டும் எடுத்து மடித்துக்கொண்டு, டாக்டரின் காரை நோக்கிச் சின்னச் சின்ன அடியாக நடந்தாள்.